பம்பு நுழையாத சக்கரம்

செவ்வாய், இரவு

விரல் நுனியெல்லாம் எரிகிறது. என் வீட்டுக்காரர் சலீமின் சைக்கிளுக்குப் பின்சக்கரத்தை நானே கம்பி கோத்துக் கட்டுகிறேன் என்று ஏன்தான் சொன்னேனோ. கடையில் கொடுத்துவிடலாம் என்றார் அவர். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். என்னால் மனுஷன் ஒரு வாரமாக ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு நடந்தே வேலைக்குப் போகிறார்.

இன்று சாயங்காலம் சக்கரம் கோட்டமே இல்லாமல் நேராகச் சுற்றியது. ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டேன். டியூபும் டயரும் மாட்டிவிட்டுக் காற்றடிக்கப் பம்பை எடுத்தார்.

"இன்னாமே, பம்பு உள்ள போவ மாட்டேங்குது?"

குனிந்து பார்த்தேன். முதல் கம்பியையே ஓட்டை மாற்றிக் கோத்திருக்கிறேன். காற்றடிக்கும் வால்வுக்கு நேர்மேலே கம்பிகள் குறுக்கே ஓடுகின்றன. பம்பின் வாய் நுழைய இடமே இல்லை. மொத்தத்தையும் கழற்றி மறுபடி கோக்க வேண்டும்.

"சிரிக்கணும்னா சிரிச்சிடுங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு சிரிக்கணும்? சோக்கா சுத்துது பாரு. நா நடந்தே பூட்றேன், வுடு."

எல்லாக் கம்பியையும் கழற்றித் தரையில் போட்டுவிட்டேன். அவர் குறட்டை விடுகிறார். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் நானும் தூங்கியிருப்பேன்.