முனியம்மாவுக்குப் போன என் குரல்

தை மாதம், செவ்வாய், இரவு.

கரும்பு வெட்ட ஆட்களைத் தினமும் போனில் கிண்டல் செய்து கூப்பிடுவது என் வேலை. போன மாதம் மேஸ்திரி என் பேச்சைப் பதிவு செய்து, ஆட்களின் நம்பரையும் வாங்கிக்கொண்டார். இன்று நான் ஒருவரையும் கூப்பிடவில்லை. ஆனால் எல்லோரும் விடியும் முன்பே வயலில் வந்து நின்றார்கள்.

"நீதானேக்கா கூப்ட்ட? என் மாமியார வேற நக்கல் பண்ண!" என்று செல்வி சிரித்தாள்.

என் குரலில் கம்ப்யூட்டர் கூப்பிட்டதாம். "இனிமே அந்த வேல உனக்கு இல்லம்மா" என்றார் மேஸ்திரி. பதிலுக்கு அவரை நக்கலடிக்க வாயெடுத்தேன். அதற்குள் ஏழுமலை அண்ணன் வந்து நின்றார். கையில் அவர் பெண்சாதி முனியம்மாவின் வெட்டுக்கத்தி. அவள் ஐப்பசியில் செத்துப்போனாள். அவள் நம்பரை அழிக்க எனக்கு மனசு வரவில்லை; மேஸ்திரி வாங்கிய நம்பர்களோடு அதுவும் போயிருக்கிறது.

"ஏண்டி முனியம்மா, இன்னும் தூங்கிக்கினு கீறியான்னு கேட்டியேம்மா" என்றார் அண்ணன்.

"நான் இல்லண்ணே, மிஷினு."

நிறுத்தச் சொல்லி மேஸ்திரியைக் கேட்டேன். இதற்கெல்லாம் சட்டம் எதுவும் இல்லையா என்றும் கேட்டேன். மிஷினை நிறுத்த யாரிடம் சொல்வதென்று அவருக்கே தெரியவில்லை.

போகும்போது ஏழுமலை அண்ணன் மெதுவாகக் கேட்டார். "நாளைக்கும் அவள கூப்புடுமா?"

கூப்பிடாது என்றேன். அவர் முகம் செத்துவிட்டது.

"கூப்புடும்ணே" என்று சொல்லிவிட்டேன்.