விளக்குக் கோபுரத்திலிருந்து தெரிந்த படகு

போன துறைமுகத்தில் இறங்கி, கோபத்தோடு ரயிலேறிப் போனவருக்கு,

இந்த ஊரைப் பார்க்காமல் போய்விட்டீர்களே! கோட்டைச் சுவரில் பீரங்கிகள் இன்னும் கடலை முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நம்மோடு படகில் வந்த என் சிநேகிதி குண்டூசியும் அவள் கணவரும் ஒவ்வொரு பண்டகசாலையையும் வாய் பிளந்து பார்த்தார்கள். கலங்கரை விளக்கத்தின் இருநூறு படிகளையும் நான் ஒரே மூச்சில் ஏறினேன். பொய்தான்; இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன்.

உச்சிக்குப் போனதும் குண்டூசி அலறினாள். "அடியே, நம்ம படகு தொங்குதுடி!"

கடல்நீர் இறங்கிவிட்டிருந்தது. நம் பாய்மரப் படகு ஒரு பக்கம் சாய்ந்து, கட்டிய கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

விழுந்தடித்து ஓடினோம். அதற்குள் பக்கத்துப் படகுக்காரர் கயிற்றைத் தளர்த்தியிருந்தார்.

"யாரும்மா இப்படி இறுக்கிக் கட்டினது? இங்க தண்ணி ரெண்டு ஆள் உயரம் இறங்கும். கயித்தை நீளமா விட வேணாமா?"

'எங்க வீட்டுக்காரர்' என்று சொல்ல வாய் வரை வந்தது, சத்தியமாக. குண்டூசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க."

நீங்கள் தளர்த்திக் கட்டும்போதெல்லாம் சோம்பேறித்தனம் என்று நான் திட்டி, அவிழ்த்து இறுக்கியது அப்போது ஞாபகம் வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

படகில் ஒரு நீளமான கீறல். பூசிக் காயப் பத்து நாளாகுமாம், அதுவரை இங்கேதான். காலை ரயில் துறைமுக வாசலுக்கே வருகிறது. சும்மா, தகவலுக்குச் சொன்னேன்.

கயிறு கட்ட ஆள் இல்லாமல்,
பதவியிறங்கிய கேப்டன்