மேசை மேல் பதினோரு பொத்தான்கள்

பிப்ரவரி 8, ஞாயிறு

தென்கரை கால்பந்து அணி நேற்றும் தோற்றது. வரிசையாக நான்காவது. எங்கள் வடகரை ரசிகர்கள் பேக்கரியின் பின்கட்டில் கேக் வெட்டினார்கள். நேற்று எங்களுக்கு ஆட்டமே கிடையாது. அடுத்தவன் தோற்றதற்குத்தான் கேக்! "அவங்க மேனேஜர் இன்னும் ஒரு வருஷம் இருக்கணும், சாமிகளா" என்று டிரம் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். வாரம் முழுக்கப் பேருந்து ஓட்டுபவர், சனிக்கிழமை டிரம்மைத் தோளில் மாட்டினால் ஆளே வேறு. நானும் சிரித்தேன். அந்த மேனேஜரைப் பற்றி இந்த சீசனில் வந்த பாட்டுகளில் பாதி நான் கட்டியது.

இன்று மதியம் அந்த மேனேஜர் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

அக்கா புருஷன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எனக்கு அங்கேதான். கூட்டத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. அப்பா எங்கள் இருவரையும் வடக்கு ஸ்டாண்டில் உட்கார வைத்துத்தான் வளர்த்தார். அக்கா கல்யாணம் கட்டி ஆற்றைத் தாண்டினாள், நான் இந்தக் கரையிலேயே இருந்துவிட்டேன். ஆரம்பத்தில் யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. பிறகு சொல்ல வாய் வரவில்லை.

சாப்பிட்ட தட்டை எடுத்ததும் அத்தான் அக்காவின் தையல் டப்பாவைக் கொண்டுவந்து, பதினோரு பொத்தானை மேசையில் பரப்பினார். கோட்டுப் பொத்தான் கோல்கீப்பர். நாலு ஓட்டை வெள்ளைப் பொத்தான்கள் தடுப்பு வரிசை. வருஷக்கணக்காக இப்படித்தான் யோசிக்கிறாராம். நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முகம் வாடிப்போயிருந்தது. "எதிரி வீட்டுப் பொண்ணுகிட்ட கேக்குறேன் பாரு, என் நிலைமை. இடது பக்கம் யாரைப் போடலாம்?" என்றார். சும்மா ஒரு பச்சைப் பொத்தானை நகர்த்தினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் லேபில் ஒரே நாளில் ஆறு பல் செட். நகத்தில் பிளாஸ்டர் போகவே மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

நாளைக்கு எங்களுக்கும் தென்கரைக்கும் ஆட்டம். காலையிலிருந்து போன் குழுவில் கொண்டாட்டம்தான். புதிதாகச் சேர்ந்த ஒரு ஆள், அத்தான் படத்தைக் கழுதை மேல் ஒட்டிப் போட்டிருக்கிறான். அதற்கு இருநூறு சிரிப்பு. "பாட்டுக்காரி எங்கே? சரக்கு தீர்ந்துபோச்சா?" என்று டிரம் அண்ணன் கேட்டார். எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

லேபில் மெழுகைச் சூடு பண்ணியபடியே நாலு நிமிஷத்தில் எழுதினேன்.

"பொத்தான் பொத்தான், பதினோரு பொத்தான்!
மேசையில ஜெயிச்சான், மைதானத்துல தோத்தான்!"

விளக்கமும் போட்டேன். தையல் டப்பா, கோட்டுப் பொத்தான், எல்லாமே. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "அந்த வீட்டுக்குப் போய்வர்ற ஒருத்தர் சொன்னாங்க" என்றேன். பொய்கூட இல்லை. அத்தான் என்ற சொல்லும் அந்த எதுகையில் கச்சிதமாக உட்காரும். அதை மட்டும் விட்டுவிட்டேன். அந்த அளவுக்கு யோக்கியம்.

ஐந்நூறு சிரிப்பு. மதியம் வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 14, சனி

3–0. ஜெயித்தோம்.

வடக்கு ஸ்டாண்டு முழுக்க என் பாட்டு. இரண்டாம் பாதி தொடங்கியதும் மேல் வரிசையிலிருந்து யாரோ ஒரு கைப்பிடி பொத்தானை எறிந்தார்கள். அப்புறம் பத்துப் பேர், நூறு பேர். வீட்டிலிருந்தே மூட்டை கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள்! நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். ஆட்டக்காரர்கள் வழுக்கி விழக் கூடாது என்று மைதான ஊழியர்கள் வந்து பொறுக்கினார்கள். அத்தானும் கோட்டோரம் குனிந்து பொறுக்கினார். பொறுக்கிப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் குனியும்போதெல்லாம் கூட்டம் "தோத்தான்" என்றது.

நான் வாயை மூடிக்கொண்டேன் என்று எழுத ஆசை. இல்லை. பாடினேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் இன்னும் சத்தமாகப் பாடினேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காய்ச்சல் என்று பொய் சொல்லி அக்கா வீட்டுக்குப் போகவில்லை.

அவளே போன் பண்ணினாள். மாத்திரை போட்டாயா என்றுதான் முதலில் கேட்டாள். அப்புறம் குரல் உடைந்தது. "பொத்தான் விஷயம் மூணே பேருக்குத்தான்டி தெரியும். எனக்கு, அவருக்கு, விசிலுக்கு." விசில் என்பது அத்தானின் உதவி மேனேஜர். பயிற்சியில் எந்நேரமும் வாயில் விசில் இருக்கும், அதனால் அந்தப் பேர். போன மாதம் இருவருக்கும் தடுப்பு வரிசை பற்றிப் பெரிய வாக்குவாதம். அந்தக் கோபத்தில் விசில்தான் வெளியே சொல்லிவிட்டான் என்று அத்தான் முடிவு கட்டிவிட்டாராம்.

"நானும் பார்த்தேனேக்கா" என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை.

"சீ, உன்னை யாரு கணக்குல சேர்த்தா? நீ என் கூடப் பொறந்தவ."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது. நானும் கத்தவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பிப்ரவரி 18, புதன்

விசிலை அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருஷம் அத்தானோடு இருந்தவர். பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி, "நம்பிக்கை இழப்பு" என்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சொல்ல வேண்டும். நாளைக்கே சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 19, வியாழன்

சொல்லவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

ஒரு கிழவரின் கீழ்ச் செட்டில் வலது கடைவாய்ப் பல்லை இடது பக்கம் வைத்துவிட்டேன். பதினாறு வருஷ வேலையில் இப்படிச் செய்ததே இல்லை. முதலாளி செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?" என்றார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 1, ஞாயிறு

போனேன். எத்தனை வாரம் காய்ச்சல் வரும்?

மேசை காலியாக இருந்தது. அத்தான் சாப்பிட்டுவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். நேற்றும் தோல்வி. "அவன் இல்லாம எனக்கு ஓடமாட்டேங்குது. பதினோரு வருஷம். காசு பணத்துக்கு ஆசைப்படாதவன், இதை எதுக்குச் செஞ்சான்?" என்று என்னைப் பார்த்தே கேட்டார். பதில் நாக்கு நுனி வரை வந்தது. சத்தியமாக வந்தது. வாயைத் திறந்து, "அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றேன்.

போட்டாள். வயிறு முட்ட அதையும் தின்றேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவர்களைப் பற்றி அம்மா பேசும்போதெல்லாம், அப்படிப்பட்டவர்கள் முகமே வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். கிளம்பும்போது அக்கா வீட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருக்கிறது.

மார்ச் 4, புதன்

முதலில் கூட்டத்தில் சொல்லிவிடலாம், அங்கே சொல்வது சுலபம் என்று நினைத்தேன். துரோகி என்று திட்டித் துரத்துவார்கள், அந்த அவமானத்தோடு அக்காவிடம் போவது பாதித் தண்டனை அனுபவித்த மாதிரி இருக்கும் — இப்படி ஒரு கணக்கு. என்ன புத்தியோ.

பேக்கரியில் எல்லாரும் இருக்கும்போது எழுந்து சொன்னேன். "அந்த மேனேஜர் என் அக்கா வீட்டுக்காரர். பொத்தான் விஷயத்தை அவர் வீட்டு மேசையில நானே பார்த்தேன். தப்பு பண்ணிட்டேன். அந்தப் பாட்டை இனிமே பாடாதீங்க."

அப்புறம் டிரம் அண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்தார் பாருங்கள். "அக்கா புருஷனா! அட, முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? எவ்வளவு சரக்கு வீணாப் போச்சு! வீட்ல அழுவாரா? அக்கா திட்டுவாங்களா? சொல்லு, சொல்லு!"

எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். பேக்கரிக்காரர் பெரிய துண்டு கேக்காகப் பார்த்து வைத்தார். இந்தக் கூட்டத்தில் இருந்த ஆறு வருஷத்தில் இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. இவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான்தானே இவர்களுக்கு இதைப் பழக்கினேன்? பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கேக்கைத் தொடவில்லை என்று பெருமைப்பட ஒன்றுமில்லை.

மார்ச் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சாப்பிட உட்காரும் முன்பே சொன்னேன். தட்டில் கை வைத்துவிட்டால் மறுபடி வாய் மூடிக்கொள்ளும். அக்கா மிஷினில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசப் பேச மிஷின் மெதுவாகி நின்றது. பாட்டு யார் எழுதியது என்பதையும் சொன்னேன். அன்றைக்கு ஸ்டாண்டில் நானும் பாடினேன் என்பதையும். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. ஆனால் பாதி சொல்லிப் பாதி விழுங்கினால் மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவேன்.

அத்தான் கத்தவில்லை. "இடது பக்கம் யாரைப் போடலாம்னு உங்கிட்டதானே கேட்டேன்?" என்றார். "ஆமா" என்றேன். "நீ சொன்ன மாதிரிதான் அன்னிக்கு ஆளைப் போட்டேன்" என்றார்.

ஐயோ. நான் சும்மா நகர்த்தின பொத்தான் அது. சும்மா நகர்த்தினேன் அத்தான்னு சொல்லக்கூட எனக்கு வாய் இல்ல.

கொஞ்ச நேரம் கழித்து, "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவன்கிட்ட போய்ச் சொல்லு" என்று உள்ளே போய்விட்டார். அக்கா எழுந்து வாசல் கதவைத் திறந்து, பிடித்துக்கொண்டு நின்றாள். நான் செருப்பு மாட்டும் வரை அப்படியே நின்றாள்.

மார்ச் 10, செவ்வாய்

விசில் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் திரும்பிவிடத் தோன்றியது. கதவைத் திறந்தவர் என்னை அடையாளம் கண்டு, "வாங்க, அவருக்கு ஏதும் உடம்பு சரியில்லையா?" என்று பதறினார். அதிலேயே பாதி செத்தேன்.

எல்லாவற்றையும் கேட்டார். கோபம் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

"நீங்க செஞ்சது தப்புதான். ஆனா எதிர்க் கரைக்காரங்க நாலு பேசத்தான் செய்வாங்க. எனக்கு வலிச்சது அது இல்லம்மா. நீயாடான்னு ஒரு வார்த்தை அவர் என்னைக் கேட்டிருக்கலாம். கேக்கவே இல்ல."

நான் அழுதேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அந்த வீட்டில் நான் அழுதிருக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் அவரை எனக்கு ஆறுதல் சொல்ல வைத்துவிட்டேன். படி இறங்கும்போது மேலிருந்து, "நல்லாத் தூங்குறாரா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது, இனி அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 22, ஞாயிறு

அத்தானை நீக்கிவிட்டார்கள். குழுவில் இப்போது நான் இல்லை, இருந்தாலும் தெரு முழுக்கச் சத்தம் கேட்டது. அக்காவுக்குப் பதினோரு தடவை போன் பண்ணினேன், எடுக்கவில்லை.

மதியச் சாப்பாடு என் வீட்டில் நின்றுகொண்டே ஆனது.

ஏப்ரல் 18, சனி

வடகரைக்கு ஆட்டம். போகவில்லை. அந்தப் பாட்டை இன்னும் பாடுகிறார்கள். என் வீட்டு ஜன்னல் வரை வருகிறது. ஆளே போய்விட்டார், பாட்டு போகவில்லை. இப்போது தென்கரைக்கு வந்திருக்கும் புது மேனேஜருக்கும் அதையே பாடுகிறார்களாம்.

மே 12, செவ்வாய்

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டாக்டரிடமிருந்து லேபுக்கு ஒரு பெட்டி வந்தது. மேல் பல் அச்சு, கீழ்ப் பல் அச்சு. சீட்டில் அத்தான் பெயர். வயது ஐம்பத்திரண்டு. "தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார். இரவில் மாட்டப் பல் கவசம் தேவை."

முதலாளியிடம் நான் செய்கிறேன் என்றேன். வேண்டாம் என்றிருக்க வேண்டுமோ?

மே 13, புதன்

அச்சில் ஊற்றிய பிளாஸ்டர் காய்ந்ததும் பிரித்தெடுத்தேன். எத்தனை ஆயிரம் வாய் பார்த்திருப்பேன். மனிதர்கள் சிரித்து மறைப்பதெல்லாம் பிளாஸ்டரில் வந்துவிடும். கீழ்ப் பற்கள் தட்டையாகத் தேய்ந்திருக்கின்றன. அது பல வருஷத் தேய்மானம், அதை என் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. ஆனால் இடது கடைவாய்ப் பல்லில் ஒரு விரிசல். விரல் வைத்துப் பார்த்தேன், ஓரம் கூர்மையாக இருந்தது. பழைய விரிசல் என்றால் ஓரம் மழுங்கியிருக்கும். இது இந்த மூன்று மாதத்துக்குள் வந்தது.

மெழுகு வேலையை மூன்று தடவை கலைத்துச் செய்தேன்.

மே 14, வியாழன்

மதியம் அக்கா கூப்பிட்டாள். இரண்டு மாதம் கழித்து. எடுத்த அவசரத்தில் போன் பிளாஸ்டர் வாளியில் விழப்பார்த்தது.

"உன் லேபுக்கே அனுப்பச் சொல்லி டாக்டர்கிட்ட சொன்னது நான்தான். வேற யாராவது செஞ்சா ஈறுல குத்தும், உன் கை வேலை எனக்குத் தெரியும்." மூச்சு விடாமல் பேசினாள், ஒப்பிப்பது போல. "அவருக்குத் தெரியாது. நீ செஞ்சதுன்னு தெரிஞ்சா வாயில வைக்க மாட்டார்."

சரி என்றேன். விசில் அண்ணன் எப்படி இருக்கார் என்று கேட்டேன். அத்தான் அவர் வீடு வரை போனாராம். இருவரும் வாசல் படியிலேயே நின்று பேசினார்களாம், உள்ளே போகவில்லையாம். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சீட்டில் "செய்தவர்" என்ற இடத்தில் முதலாளியைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு டாக்டரின் ஆள் வந்து எடுத்துப்போவார்.

போனை வைக்கும் முன், "யார்கிட்டயும் சொல்லிட மாட்டியே?" என்றாள். "மாட்டேன்க்கா" என்றேன்.

"சத்தியமா?"

பிறந்ததிலிருந்து அக்கா என்னிடம் சத்தியம் கேட்டதே இல்லை. இன்று கேட்டாள். செய்து கொடுத்தேன்.