பனி பார்த்த அவரை

அக்கா, சோப்பு போட்டுக் கழுவியும் விரலில் அவரை வாசனை போகவில்லை. மார்கழிக் காயின் தோலில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு வருமே, அந்த வாசனை. முன்பெல்லாம் அதற்கே பசிக்கும். இன்று வாசனை என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

உழவர் சந்தையில் கண்ணால் பார்த்துக் காய் வாங்குகிற ஆள் இல்லை நீங்கள். சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஒரு கை அவரையை அள்ளி மூக்கருகே வைத்துக்கொள்வீர்கள். "பனி பாத்த காயாம்மா இது? கொழாத்தண்ணி பாத்த காயாட்டம் இருக்குது" என்று மாரண்டஹள்ளியிலிருந்து காய் கொண்டுவரும் அம்மாவை வம்புக்கு இழுப்பீர்கள். "நீங்க மோந்து மோந்தே பாதி வாசன போயிருச்சுங்கக்கா" என்பார் அவர். பிறகு உங்கள் மஞ்சள் பையிலும் என் கட்டம் போட்ட பையிலும் சமமாக நிறுத்துப் போடுவார்.

பக்கத்துப் பக்கத்து வீடு நமக்கு. ஆனால் பருப்பு பிதுக்குவது உங்கள் சமையலறைத் தரையில்தான். காயை உரித்து இரவே ஊறவைத்த கொட்டையை அழுத்தினால், தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளி என் மடியில் விழும். "கையவிட உனக்கு வாய்தான் நல்லா வேல செய்யுது கண்ணு" என்பீர்கள். உண்மையில் பேசியதெல்லாம் நீங்கள்.

கார்த்திகை பிறந்ததும் படுத்தீர்கள். மஞ்சள் பையை என்னிடம் கொடுத்து, "எனக்கும் சேத்து வாங்கியாந்துடு. மோந்து பாத்து வாங்கு" என்றீர்கள். மாதம் முடிவதற்குள் போய்விட்டீர்கள். எனக்கு அழுகை வரவில்லை அக்கா. வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தேன். காரியம் முடிந்து உங்கள் மகன் வீட்டைப் பூட்டிவிட்டு ஓசூர் போனான். நான் சந்தைக்குப் போனேன், இரண்டு பையோடு.

"அக்காவுக்கு இன்னும் முடியலைங்களா?" என்று காய்க்கார அம்மா கேட்டார். தலையை ஆட்டி வைத்தேன். இரண்டு பையையும் நிரப்பினார். அடுத்த வாரமும் அப்படியே. சொல்லிவிட்டால் மஞ்சள் பைக்கு வேலையில்லாமல் போய்விடும். அதனால் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் முழுக்கப் பருப்பு. "தெனம் இதேவா?" என்று கேட்ட என் வீட்டுக்காரரும் பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

இன்று மஞ்சள் பையை நிரப்பிய பிறகு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பிடி காயை அந்த அம்மா எடுத்தார்.

"இது வெள்ளனே பனியோட பறிச்சதுங்க. தனியா எடுத்து வெச்சேன். அக்காவ மோந்து பாத்துட்டுச் சொல்லச் சொல்லுங்க."

"அக்கா இல்லைங்க" என்றேன்.

அதை முதல்முறையாக வாயால் சொன்னேன். விலை கேட்கிற குரலில்தான் சொன்னேன். அந்த அம்மா மஞ்சள் பைக் காயைக் குவியலில் மெதுவாகக் கொட்டி, பையை மடித்து என்னிடம் தந்தார். அந்த ஒரு பிடியை என் கையில் வைத்தார்.

"அப்ப நீங்க மோந்து பாருங்க."

பார்த்தேன். பனி பார்த்த காய்தான். அவரிடமும் அப்படியே சொன்னேன்.

இப்போது ஊறவைத்திருக்கிறேன். நாளை என் வீட்டுத் தரையிலேயே பிதுக்கவேண்டும். உங்கள் பை, என் பைக்குள் மடித்தபடியே இருக்கிறது. அடுத்த வாரமும் அதோடுதான் போவேன். எனக்கு மோந்து பார்த்து வாங்க வந்துவிட்டது அக்கா. அதை உங்களிடம்தான் சொல்லவேண்டும்.