இரைச்சலை விரும்பும் முதலாளி

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். இன்று நீங்கள் போனில் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ராயப்பேட்டையில் நான் தங்கி வேலை பார்க்கும் மாடியில் இருக்கும் கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங் இயந்திரங்கள் கரண்டைக் குடிக்கின்றன என்று முதலாளி தினமும் புலம்புவார். நேற்று காலை அவற்றை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் வோல்டேஜைக் குறைத்து வைத்தேன். வேலை குறையவில்லை, கரண்ட் செலவு மட்டும் குறைந்தது. சூடு தணிந்ததால் அவற்றின் ஃபேன்கள் போடும் இரைச்சலும் அடங்கியது.

மதியம் அந்த மேதை வந்தார். கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டுப் பணக்காரர் ஆனவர். "இன்னாமா, சத்தமே காணோம்? மிஷின் தூங்கிகினு கீதா?" என்றார். எல்லாம் ஓடுகிறது என்று திரையில் இருந்த கணக்கைக் காட்டினேன். அதைப் படிக்கத் தெரிந்தால்தானே! "ஓடுனா சத்தம் வரணும்மா" என்று எல்லாவற்றையும் பழையபடி மாற்ற வைத்தார். இன்று மறுபடி கரண்ட் பில்லுக்கு ஒப்பாரி வைக்கிறார். இவருக்கெல்லாம் மூளை எதற்கு?

படியேறி வருகிறார், முடிக்கிறேன். நேற்று அவர் வருவதற்கு முன் நீங்கள் கூப்பிட்டபோது, பின்னால் அம்மா தாளித்த சத்தம்கூடக் கேட்டது. அது என்ன குழம்பு என்று எழுதுங்கள்.

உங்கள் மகள்,
இந்துமதி