ஆறரை மணிக்கு மாறும் திரை

என் அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகும் உங்கள் ஆறரை மணி வேலை இந்த வாரம் வரை வீட்டில் தவறாமல் நடந்தது. செட்டாப் பாக்ஸில் நீங்கள் என்றோ போட்டுவைத்த நினைவூட்டலை யாரும் அழிக்கவில்லை. அம்மாவின் மலையாளத் தொடரில் மருமகள் அழத் தொடங்கும் நேரம் பார்த்து, திரை தானாகவே தமிழ்ச் செய்திக்குத் தாவும்.

"வந்தாச்சு, உங்கப்பா. ஒரு நாளாவது இவளை நிம்மதியா அழ விட்டாரா?" என்பாள் அம்மா. மாறுவதற்கு முன்பு திரையில் ஓர் அறிவிப்பு வரும். பொத்தானை அழுத்தினால் தடுத்துவிடலாம். அவள் ஒருநாளும் அழுத்தியதில்லை. தலைப்புச் செய்திகள் முடிந்த பிறகுதான் தொடருக்குத் திரும்புவாள்.

அப்பா, அந்த டிஷ் இணைப்பைத்தான் நிறுத்த வேண்டியதாயிற்று. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு வாரம் அறைக்கு அறை நடந்தேன்.

எனக்குக் கொச்சியில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். அம்மா இந்தக் கரமனை வீட்டை விட்டு வர மாட்டாளாம். மழைக்காலம் தொடங்கிவிட்டது, கொஞ்சம் வலுத்தாலே டிஷ்ஷில் படம் நின்றுவிடும். முன்பெல்லாம் நீங்கள் குடையோடு மாடிக்கு ஏறி, டிஷ்ஷைத் திருப்பி, "வந்துதா?" என்று கத்துவீர்கள். நான் கீழிருந்து "இல்லப்பா!" என்பேன். இனி யார் ஏறுவது? போன வாரம் அம்மா அந்த முழங்கால் வலியோடு நனைந்த படியில் பாதி ஏறிவிட்டாள். நான் கையைப் பிடித்து இறக்கினேன்.

கேபிளை விட்டு டிஷ்ஷுக்கு வந்தீர்கள். பிறகு அந்த டிஷ்ஷை விட்டு இன்னொன்றுக்குப் போனீர்கள். எல்லாம் தமிழ்ச் சேனல்களுக்காக. "கடைசி நம்பர்ல கொண்டுபோய்த் தமிழை வெச்சா, நான் அங்க போறதுக்குள்ள செய்தி பழசாயிடும்" என்று கேபிள்காரரிடம் தெருவே கேட்கச் சண்டை போட்டீர்கள். கழற்றிப்போட்ட பழைய டிஷ்ஷில் அம்மா இன்றும் மோர்மிளகாய் காயவைக்கிறாள்.

இப்போது புது இணைப்பைத் தேடியது நான். ஒவ்வொரு நிறுவனத்திடமும் விலையைக் கேட்கவில்லை, நினைவூட்டல் உண்டா என்றுதான் கேட்டேன். யாருக்கும் புரியவில்லை. பழைய இணைப்பைத் துண்டிக்க அழைத்தபோது, "அக்கௌண்ட் ஹோல்டர்கிட்ட பேசணும் மேடம்" என்றாள் ஒரு பெண். எனக்கும்தான் பேச வேண்டும் என்று சொல்ல வாய்வரை வந்தது. நீங்கள் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

பழையது, புதியது இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஒரு டிவிக்கு ரெண்டு பெட்டியா? உங்கப்பாவுக்கு மேல இருக்கியே நீ!" என்று சிரித்தாள்.

வியாழக்கிழமை புது நிறுவனத்தின் விஜயன் சேட்டன் வந்து, மழைக்கு நிற்காத ஃபைபர் இணைப்புக் கொடுத்தார். நினைவூட்டலைப் பற்றிக் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "இதுல அந்த ஏர்ப்பாடு இல்ல கேட்டோ. வேணும்னா நம்மளே மாத்திக்கணும்" என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னபடி ஏணியை மடக்கினார்.

அன்று மாலை என்னால் உட்கார முடியவில்லை. ஆறரை ஆனது. திரை மாறவில்லை. மருமகள் தடையில்லாமல் அழுதுகொண்டே இருந்தாள். நான் தப்பு செய்துவிட்டேனா அப்பா? அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

"என்னடி இது, இவ இன்னும் அழறா?" என்றாள் அம்மா. மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரிமோட்டை எடுத்தாள். "அவர் நியூஸுக்கு இதுல என்ன நம்பர்?"

சொன்னேன். முதல் தடவை தப்பாக அழுத்தி, ஏதோ சமையல் நிகழ்ச்சி வந்தது. மறுபடி அழுத்தினாள். தலைப்புச் செய்திகள் வந்தன.

"வந்தாச்சு" என்றாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலேயே, "நீ கொச்சி போனப்புறம் ஆறரைக்கு மட்டும் கூப்பிடாதே. எனக்கு வேலை இருக்கும்" என்றாள்.

கூப்பிட மாட்டேன் அப்பா. அந்த நேரம் உங்கள் இருவருக்கும்தான். தலைப்புச் செய்திகள் முடியும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். பிறகு அழைத்து, வேறெதுவும் கேட்பதற்கு முன்னால் கேட்பேன்: "வந்துதா?"

மாடிக்குக் கீழே நின்று உங்களுக்குப் பதில் சொன்ன,
உங்கள் பெண்
மீனா