நீ மூடிய கடை

புதன்கிழமை அரியலூரில் ஒரு செல்போன் கடைக்கு ரிப்பன் வெட்டப் போயிருந்தேன். ஷட்டரைத் தூக்கியதும் புது பெயின்ட் வாசனைதான் வந்தது. உள்ளே போய் நின்ற பிறகு அதற்கும் அடியிலிருந்து வறுத்த முந்திரியின் வாசனை வந்தது. சுவரோரத்து மர அடுக்குகளை மாற்றாமல், வெள்ளை அடித்து அப்படியே வைத்திருந்தார்கள். உன் அடுக்குகள். நீ முந்திரி டப்பாக்களை வைத்த இடத்தில் இப்போது செல்போன் உறைகள் தொங்குகின்றன.

கடை முதலாளி திருமானூர் பக்கத்து இளைஞர். அப்பாவிடம் சண்டை போட்டு, கரும்பு போட்ட நிலத்தில் ஒரு துண்டை விற்று வந்திருக்கிறார். கூச்சத்தோடு என் காதருகே வந்து சொன்னார்.

"உங்க பேப்பரப் பாத்துதான் சார் இந்த எடத்தப் புடிச்சேன். முந்திரிக் கடை வச்சிருந்தவரு தவறிட்டதாலதான் கடை நின்னுபோச்சாம். இல்லன்னா இன்னும் ஓடிக்கிட்டிருக்கும்ல சார்?"

நான் ஒரு வர்த்தக வார இதழின் ஆசிரியர். இரண்டு மாவட்டங்களின் தொழில் நிலவரத்தை உள்ளபடி சொல்வதாக முகப்பிலேயே அச்சடித்திருக்கிறோம். "நல்ல எடம் தம்பி" என்று சொல்லிவிட்டு ரிப்பனை வெட்டினேன். கத்தரிக்கோல் நன்றாக வெட்டியது. நீ வாங்கிக் கொடுத்தது அல்லவா.

அதை நீ வாங்கிய கதை உனக்கு மறந்திருக்காது. துறைமங்கலத்தில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழா. தட்டில் வைத்திருந்த கத்தரிக்கோல் ரிப்பனை அறுக்கவில்லை, மென்றது. நான் மென்றுகொண்டே இருக்க, கூட்டம் கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றது. மறுநாள் ஒரு தையல்காரர் கத்தரிக்கோலை என் மேசைமேல் வைத்தாய். நம் இதழின் செய்தி ஆசிரியர் என்ற முறையில், அலுவலகப் பிள்ளைகள் முன்னால் எனக்கு நீ தரும் மரியாதையோடு சொன்னாய்: "இனிமே போற எடத்துக்கெல்லாம் இத எடுத்துக்கிட்டுப் போங்க ஆசிரியரே. ஆசிரியருக்கு எழுத வரலன்னா ஒருத்தனும் கவனிக்க மாட்டான். ரிப்பன் வெட்ட வரலன்னா வீடியோ எடுத்துடுவான்."

தனியாக இருந்தால் 'யோவ்' என்பாய்.

பெரம்பலூரில், உரக்கடைக்கு மேலே இருந்த நம் அலுவலக மாடி அறையில், திங்கள்கிழமைக் கூட்டங்களை நான்தான் நடத்தினேன். சண்டைகளை நீ நடத்தினாய். சின்ன வெங்காயம் விலை ஏறினால் முதல் பக்கம், இறங்கினால் மூன்றாம் பக்கம் என்பது என் கொள்கை. திறப்பு விழா எல்லாம் செய்தி. மூடுவிழா செய்தி அல்ல, அது அவரவர் குடும்ப விஷயம் என்பது இன்னொரு கொள்கை. கடையை மூடியவர் விளம்பரம் தர மாட்டார் என்ற கணக்கு அதற்குள் இருந்தது. நான் அதை நாகரிகம் என்று சொல்லிவந்தேன்.

"நம்ம பேப்பரப் படிச்சா அரியலூர்ல மனுசனவிட கடை அதிகமா இருக்கணும்யா" என்றாய் ஒருநாள். "தொறந்த கடையெல்லாம் எங்க நிக்குது? ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி வச்சிருக்கோமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கூட்டத்தின் அடுத்த பொருளுக்குப் போனேன்.

பிறகு நீயே வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டாய். உடையார்பாளையத்துக்காரன் நீ. சுற்றியுள்ள ஊர்களில் யாருக்காவது முந்திரித் தோப்பு இருக்கும், இல்லையென்றால் அவர் மாமனாருக்கு இருக்கும். அதே வட்டாரத்தில், அரியலூரில் போய், முந்திரிப் பருப்பை டப்பாவில் போட்டு விற்கப் போகிறாய் என்று கேட்டபோதே, இது ஓடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "சிமென்ட் ஆலைக்கு வர்ற வெளியூர்க்காரங்க ஊருக்கு வாங்கிட்டுப் போவாங்கய்யா" என்றாய். மற்றவர்கள் இப்படிச் சொன்னபோது கேள்வி மேல் கேள்வி கேட்டவன் நீ. உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. ரிப்பன் வெட்டி, முழுப் பக்கம் நானே எழுதினேன்.

இதழ் வந்த அன்று மாலை நீ கூப்பிட்டாய். "'வர்த்தகப் பிரமுகர்கள் திரளாகக் கலந்துகொண்டனர்'னு போட்டிருக்கியே, யாருய்யா அது? நானும் என் மச்சானும்தான இருந்தோம். ரெண்டு பேருல யாருய்யா திரளு?"

கடை மூடிய செய்தியையும் நீதான் கொண்டுவந்தாய். மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்க, என் எதிரே உட்கார்ந்து செல்போனை நீட்டினாய். அதில் நான்கு வரி இருந்தது. படித்துவிட்டு, "இது எதுக்குய்யா? உனக்குத்தான் அசிங்கம்" என்றேன்.

"எனக்கென்ன அசிங்கம்? பஸ்ல ஏறுனா 'கடை எப்படிப் போவுது'ங்கறான். டீக்கடையில கேக்கறான். ஒவ்வொருத்தனுக்கா சொல்லி வாய் வலிக்குது. ஒரு வாட்டி போட்டுட்டீன்னா நிம்மதியா வெளிய தலைகாட்டுவேன்."

"அடுத்த வாரம் பாக்கலாம்."

"உன் பேப்பர்ல ஒரு கடைகூட மூடுனதில்லங்கற பேரு போயிடும்னு பாக்கற. என்னயத் தொட்டு ஆரம்பிச்சு வையேன்யா."

அடுத்த வாரம் என்பது பல வாரம் வந்து போனது. நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். டவுன் பஸ்ஸில் ஏறுவதையும் நிறுத்திவிட்டாய் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு விடியற்காலையில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

உன் இரங்கல் செய்தியையும் நானே எழுதினேன். 'முந்திரி வர்த்தகத்தில் தனி முத்திரை பதித்துவந்தவர்' என்று எழுதினேன். கடையின் பெயரும் முகவரியும் கொடுத்தேன். பக்கம் போடும் வளர்மதி திரும்பிப் பார்த்து, "கடையத்தான் மூடிட்டாரே சார்?" என்றாள். இறந்தவரைப் பற்றி அப்படியெல்லாம் எழுதக் கூடாதம்மா என்றேன். நீ மூடிய கடையை, உன்னைக் கேட்காமல், நீ இல்லாதபோது திறந்துவிட்டேன். வியாபாரிகள் சிலர் அந்த முகவரிக்கு மாலை கொண்டுபோனார்களாம். 'வாடகைக்கு' என்ற பலகையின் மேலேயே மாட்டிவிட்டு வந்தார்களாம்.

இதெல்லாம்கூட உனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. கருமாதி அன்று உன் மனைவி செல்வி என்னிடம் வந்து, "ஏண்ணே, கடை மூடி மாசக்கணக்காச்சே. பேப்பர்ல இப்படிப் போட்டிருக்கீங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டது. குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டது.

"தெரியாதும்மா" என்றேன்.

"உங்ககிட்டகூட சொல்லலயா? அவ்வளவு வெக்கப்பட்டிருக்காரு பாருங்கண்ணே" என்றது. பிறகு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது. நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம்கூட வாங்கிக்கொண்டேன்.

வெட்கமே இல்லாமல் மாடி ஏறி வந்தவன் நீ. என் வெட்கத்தை எடுத்து உன் பெயரில் எழுதி, உன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். உன்னோடு இருந்தவளுக்கு இனி நீ அப்படித்தான்: தோற்றதைக் கூட்டாளியிடம்கூடச் சொல்லக் கூசியவன்.

புதன்கிழமை அந்த இளைஞர் கேட்டிராவிட்டால் இப்படியே இருந்திருப்பேன். என் பொய்யை நம்பி ஒருவர் நிலத்தை விற்றிருக்கிறார். அலுவலகத்துக்கு வந்து, செல்போனில் தேடி, உன் நான்கு வரியை வளர்மதிக்கு அனுப்பினேன். 'அரியலூர் பேருந்து நிலையம் அருகே இருந்த முந்திரிக் கடை மூடப்பட்டது. உரிமையாளர் உயிரோடும் நலமோடும் இருக்கிறார். போதிய ஆள் வரவில்லை. முந்திரி விளையும் வட்டாரத்தில் முந்திரி விற்கலாம் என்று அவர் போட்ட கணக்கு தவறு.'

வளர்மதி படித்தாள். "பிரமுகர்கள் யாரும் கலந்துக்கலயா சார்?" என்று கேட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. உன்னிடம் வேலை கற்றவள்.

எந்த எழுத்தையும் மாற்றாமல் முதல் பக்கத்தில் போட்டேன். மேலே ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: இதை அவர் உயிரோடு இருந்தபோதே தந்தார், ஆசிரியர் வெளியிடவில்லை. அதே பக்கத்தில் செல்போன் கடைத் திறப்பும் இருந்தது. அதற்கு விளம்பரம் வாங்கியிருந்தோம். இதழ் வந்த காலையிலேயே அந்த இளைஞர் கூப்பிட்டார். திட்டவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அதையேதான் நீயும் சொல்லியிருப்பாய், 'யோவ்' சேர்த்து.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு உடையார்பாளையம் போனேன். செல்வி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நின்றபடியே படித்தது. 'உயிரோடும் நலமோடும்' என்ற இடத்தில் விரல் நின்றது. அங்கிருந்து நகர வெகுநேரம் ஆனது.

"அவரே எழுதுனதா?"

"ஆமாம்மா. ஆபீசுக்கு வந்து குடுத்தான். போடச் சொல்லி எத்தனையோ வாட்டி கேட்டான். நான்தான் போடல. அன்னிக்கு நீ கேட்டப்பத் தெரியாதுன்னு சொன்னது பொய்."

"அப்ப அவரு வெக்கப்படல."

"இல்லம்மா."

பேப்பரை மடித்தது. அழவில்லை. முகத்தில் ஏதோ ஒன்று நேரானது. உன்னைத் திரும்ப வாங்கிக்கொண்டது என்று நினைக்கிறேன். எதற்காக வந்தேனோ அது நடந்துவிட்டது என்று நான் கொஞ்சம் மூச்சு விட்டேன். வழக்கம்போல மோர் வரும் என்றுகூட எதிர்பார்த்திருக்கலாம், என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

"போயிட்டு வாங்க சார்" என்றது செல்வி.

உன் கல்யாணத்திலிருந்து என்னை அண்ணே என்று கூப்பிட்டுவந்த வாய் அது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆபீஸில் நாள் முழுக்க எல்லோரும் என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இத்தனை வருஷமாகக் காதில் விழாத சொல். இப்போது ஒவ்வொரு முறையும் உடையார்பாளையத்திலிருந்து கேட்கிறது. திங்கள்கிழமைக் கூட்டத்தில், இந்த வாரம் மூடிய கடைகள் எவை என்று முதன்முதலாகக் கேட்டேன். வளர்மதி, "நெறைய இருக்கு சார்" என்றாள்.